ஒன்பதாம் வீட்டு ரத்தம்

1

இந்தக் கதையை எழுதச் சொன்னது கொளஞ்சியம்மாள். நானாக இதைத் தொட்டிருக்க மாட்டேன்.

போன மாதம் ஒரு வாரப் பத்திரிகையில் என் கதை ஒன்று வந்தது. மாட்டுவண்டிப் பந்தயத்தைப் பற்றிய சுமாரான கதை. மறுநாள் காலை ஒரு கையில் அந்தப் பத்திரிகையும் இன்னொரு கையில் துடைப்பமுமாக ஆய்வுக்கூட வாசலில் கொளஞ்சியம்மாள் வந்து நின்றார்.

"லேப் சார், இது நீங்க எழுதுனதாமே?"

"ஆமாங்க."

"மாட்டப் பத்தியெல்லாம் எழுதுறீங்க. எங்கூட்டுக்காரரப் பத்தி எழுதுனா என்னவாம்? நாயக் கூட்டிக்கிட்டு மலையேறுனாரு, எறங்கல. எட்டு வருசமாச்சு. அன்னிக்கு எதுக்கு அவ்ளோ அவசரமா போனாருன்னு ஒருத்தரும் எனக்கு வெவரமா சொல்லல. நீங்க எழுதுங்க சார். நான் எழுத்துக் கூட்டியாவது படிச்சுக்கிறேன்."

"பார்க்கலாம்" என்றேன். அவர் குனிந்து என் மேசைக்கு அடியில் பெருக்கத் தொடங்கினார். மேசையின் மூன்றாவது இழுப்பறை அவருடைய தலைக்கு நேராக இருந்தது. அந்த இழுப்பறை கதையில் பின்னால் வரும்.

பச்சைமலை அடிவாரத்தில் ஓர் அரசு சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்கிறவன் நான். (ஊர்ப் பெயரை எழுதி, அடித்துவிட்டேன். அரும்பாவூருக்குப் பக்கம் என்பதோடு நிற்கட்டும்.) கொளஞ்சியம்மாள் அங்கே ஆயா. தினமும் காலை ஏழரை மணிக்கு வந்து திறந்து பெருக்குவார். அவருடைய கணவர் அரியமுத்துவும் எங்கள் நிலையத்தில்தான் வேலை பார்த்தார்.

2

தொடங்கிப் பார்த்தவை:

"பச்சைமலையின் தோளில் மேகம் துண்டு போட்டிருந்த ஒரு காலைப் பொழுதில்" — அடித்துவிட்டேன். காணாமல் போன மனிதனுக்கு எதற்கு இந்த ஜோடனை?

"நாய் முன்னால் போனது. அவன் பின்னால் போனான்." — இது பரவாயில்லை. ஆனால் கொளஞ்சியம்மாள் படிக்கப்போகிறார் என்ற நினைப்பு வந்து 'அவன்' எல்லாவற்றையும் 'அவர்' என்று திருத்தினேன்.

"அந்தச் செவ்வாய்க்கிழமை நான் சிவப்பு மையை எடுத்தபோது என் மனதில்" — இதை முடிக்கவில்லை. அடிக்கவும் இல்லை. அப்படியே கிடக்கட்டும். இங்கேதான் திரும்பி வர வேண்டியிருக்கும்.

3

1978 ஐப்பசி. கொசு மருந்து அடித்து ஒழித்துவிட்டதாகச் சொன்ன மலேரியா திரும்பி வந்திருந்தது. வீடு வீடாகப் போய், விரல் நுனியில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடி ஸ்லைடில் தடவிக் கொண்டுவர ஆட்களைப் போட்டிருந்தார்கள். அரியமுத்து அதில் ஒருவர். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் போக வேண்டும். போனதற்குச் சாட்சியாக, அந்த வீட்டுச் சுவரில் வரைந்திருக்கும் கட்டத்தில் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும்.

கீழே இருக்கும் ஊர்களில் அவர் வேலையைக் குறை சொல்ல முடியாது. மலைதான் அவருக்கு ஆகவில்லை. அரியலூர்ப் பக்கத்துச் சமவெளிக்காரர். ஏரிக்கரையைத் தவிர மேடு பார்க்காத ஊர். அதுவரை அவர் ஏறிய உயரம் ரஞ்சன்குடிக் கோட்டை. அதிலேயும் பாதியில் கிறுகிறுத்து உட்கார்ந்துவிட்டார் என்று கொளஞ்சியம்மாளே சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அவர் பங்கில் மலைமேல் ஒரு சிற்றூர் விழுந்தது. ஒன்பதே வீடு. எட்டு வீடுகள் ஒன்றாக இருந்தன. ஒன்பதாவது வீடு ஓடையைத் தாண்டி அரை மைல் தள்ளித் தனியாக இருந்தது. அங்கே சிந்தாமணி என்ற பெண். அவருடைய கணவர் கூலி வேலைக்குக் கீழே போனால் வாரக்கணக்கில் திரும்ப மாட்டார்.

முதல் தடவை மேலே போய்ச் சுவர்களில் கட்டம் வரைந்துவிட்டு வந்த அரியமுத்து, அப்புறம் ஏறவில்லை. மலைக்காரர்கள் சந்தைக்கு இறங்கும் நாளில் அடிவாரத்துப் புளியமரத்தடியில் நின்று எட்டு வீட்டுக்காரர்களிடமும் ரத்தம் எடுத்துக்கொள்வார். ஒன்பதாம் வீட்டிலிருந்து யாரும் சந்தைக்கு வருவதில்லை. வீட்டுக்கு ஒரு ஸ்லைடாவது வந்தாக வேண்டும் என்று சுகாதார இன்ஸ்பெக்டர் ராசாங்கம் பிடிவாதமாக இருந்தார். அதனால் அரியமுத்து தன் விரலையே குத்தி, 'சிந்தாமணி, வீடு 9' என்று எழுதிக் கொடுத்துவிடுவார்.*

மூன்றாவது சுற்றில் அந்த ஒன்பதாம் வீட்டு ஸ்லைடில் மலேரியாக் கிருமி இருப்பதாகச் சீட்டு போனது. சிவப்பு மையில் அந்தச் சீட்டை எழுதியது நான்.

அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு எதிரில் நின்றது நன்றாக நினைவிருக்கிறது.

"சார், சரியாப் பாத்தீங்களா?"

"ரெண்டு தடவ பாத்தேன்."

"வேற யாருதாவது மாறிப் போயிருக்குமா சார்?"

"பேரு நீங்கதானே எழுதுனீங்க?"

அவர் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கிருமி கண்ட ஆளுக்கு நேரில் போய் மாத்திரை கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டரே மேலே போய் அந்தப் பெண்ணை விசாரிப்பார், சுவரையும் பார்ப்பார். அதற்குள் அரியமுத்து அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேலை போகும், மானமும் போகும். அன்றைக்குச் செவ்வாய்.

(* கொளஞ்சியம்மா, இந்த இடத்தில் உங்களுக்குக் கோபம் வரும். ஆனால் அவர் விரலில் எந்நேரமும் துணி சுற்றியிருந்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பாக்கு வெட்டும்போது பட்டுவிட்டது என்று உங்களிடம் சொன்னாராம்.)

4

புதன்கிழமை காலையில் அவர் புறப்பட்டார். நாய் முன்னால் போனது.

நாயின் பெயர் மேஸ்திரி. எங்கே போனாலும் முன்னால் ஓடிப்போய் எல்லாவற்றையும் முகர்ந்து மேற்பார்வை பார்த்துவிட்டு வருவதால் அந்தப் பெயர். செம்மண் நிறம். இடது காது நுனி கிழிந்து, உண்ணி கடித்து, ஆறாத புண்ணோடு திரியும். அரியமுத்து பஸ்ஸில் போனால் நிறுத்தம் வரை வந்து வழியனுப்பும். சைக்கிளில் போனால் கூடவே ஓடும்.

முதல் தடவை மேலே போனபோதே, விறகு இறக்கிக்கொண்டிருந்த பெரியசாமி என்ற மலைக்காரர் சொல்லியிருந்தார்.

"நாயக் கூட்டிக்கிட்டு மேல வராதீங்க சார்."

"தொணைக்குத்தானேங்க?"

"எங்க நாய்ங்க வேற. வாயத் தொறக்காது. ஒங்க ஊரு நாயி கரடியப் பாத்தா சும்மா வராது, போயி வம்பிழுக்கும். கரடி தொரத்தும். அப்ப நாயி எங்க ஓடும்? ஒங்ககிட்டதான் ஓடியாரும். கரடியக் கூட்டியாந்து ஒங்க காலடியில வுட்டுட்டு அதுபாட்டுக்குப் போயிரும்."

நாய் என்றால் காவல் என்றே பழகிய ஊர்க்காரர் அரியமுத்து. அந்த நாயே ஆபத்தை வீட்டு வாசல் வரை அழைத்து வரும் என்பது அவருக்குப் புதிது. அதற்கப்புறம் அவர் மலை ஏறாததற்கு அந்தப் பேச்சும் ஒரு காரணம். நாயோடு போனால் கரடி பயம். நாய் இல்லாமல் போனால் எல்லா பயமும். புதன்கிழமை விடியும்வரை யோசித்து, கடைசியில் எல்லா பயத்துக்கும் கரடி பயமே தேவலை என்று முடிவு செய்திருக்க வேண்டும்.

(இப்படித்தான் நினைத்தாரா? தெரியாது. நானாக இருந்தால் இப்படித்தான் நினைத்திருப்பேன். இந்தக் கதையில் அவருடைய பயம் என்று வருவதில் பாதி என்னுடையது.)

பாதை கல்லாற்றை ஒட்டிக் கொஞ்ச தூரம் போய், அப்புறம் மூங்கிலுக்குள் நுழைந்து ஏறும். மழை விட்டிருந்தது. இலைகளிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சொட்டும் பின்னால் யாரோ காலெடுத்து வைப்பது போலக் கேட்டது. தோளில் காக்கிப் பை. அதில் மாத்திரை, ஊசி, பஞ்சு, மரத்தாலான ஸ்லைடு பெட்டி. அந்தப் பெண்ணிடம் என்ன சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே ஏறினார். நான் மூன்று தடவை வந்ததாகச் சொல்லிவிடும்மா. உன் விரலில் குத்தியதாகச் சொல்லிவிடும்மா. எனக்கு வீட்டில் ஒரு உசிர் இருக்கிறதும்மா.

5

மூங்கில் முடிந்து பாறை தொடங்கும் இடத்தில் மேஸ்திரி நின்றது. முதுகு மயிர் சிலிர்த்தது. அடுத்த நொடி பாதையை விட்டு இடது பக்கப் பள்ளத்துக்குள் பாய்ந்துவிட்டது.

குரைப்பு மட்டும் கேட்டது.

அரியமுத்து வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். கூப்பிட்டால் அது வரும். அது வந்தால் அதன் பின்னால்

கூப்பிடாவிட்டால் அது அங்கேயே

(இந்த இரண்டு வாக்கியங்களையும் என்னால் முடிக்க முடியவில்லை. நான்கு தடவை முயன்றேன். நான் எழுதும் இந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில், ஆய்வுக்கூடக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதே, வெளியே ஒரு நாய் குரைத்தால் பேனா நின்றுவிடுகிறது.)

அவர் ஒரு பாறையோடு முதுகை ஒட்டி நின்றார். வாய்க்குள் சிறுவாச்சூர்க் காளியைக் கூப்பிட்டார். குரைப்பு இன்னும் கீழே போனது. பிறகு ஒரேயடியாக நின்றது. அதுதான் இன்னும் மோசம். குரைப்பு கேட்கும்வரை நாய் இருக்கும் இடமாவது தெரிந்தது. இப்போது புதருக்குள் எதுவோ ஓடி வரும் சத்தம். நேராக அவரை நோக்கி. கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

முழங்காலில் ஈரமாக ஏதோ பட்டது. மேஸ்திரியின் மூக்கு.

பின்னால் ஒன்றும் வரவில்லை. அந்தத் தடவை வரவில்லை.

6

ஒன்பதாம் வீட்டில் நடந்தது என் கற்பனை அல்ல. சிந்தாமணியே எனக்குச் சொன்னது. ஒரு மாதம் கழித்து, பெரியசாமியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு நான் ஏறினேன். (நான் பயந்ததை இங்கே எழுதப்போவதில்லை. இடம் போதாது.)

அரியமுத்து போய்ச் சேர்ந்தபோது உச்சி வேளை தாண்டியிருந்தது. வாசலில் நின்று குரல் கொடுத்தார். சிந்தாமணி கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தார்.

"யாரு?"

"நாந்தாம்மா. காய்ச்சலுக்கு ரத்தம் எடுக்கிறவன்."

"அட, நீங்களா? செவத்துல கட்டம் போட்டதோட சரி. வழிய மறந்துட்டீங்களோன்னு நெனச்சேன்."

அரியமுத்து தலையைக் குனிந்துகொண்டார். பெண்ணின் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது.

"ஒடம்பு எத்தன நாளா இப்புடி இருக்கு?"

"நாலு நாளா. உச்சி சாஞ்சா ஒதறும். அப்புறம் கொதிக்கும். அப்புறம் வேர்த்து வுட்டுரும்."

அவர் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாராம். "என்னவோ பேயப் பாத்த மாதிரி பாத்தாரு" என்றார் சிந்தாமணி. பிறகு ஊசியை எடுத்துச் சிந்தாமணியின் விரலில் குத்தி, ஸ்லைடில் ரத்தம் தடவிக்கொண்டார். மாத்திரையைக் கொடுத்துத் தன் எதிரிலேயே விழுங்க வைத்தார். மிச்சத்தை எப்படிச் சாப்பிடுவது என்று மூன்று தடவை சொன்னார். பொய் சொல்லும்படி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சுவருக்குப் போனார். அந்தச் சுவரை நானும் பார்த்திருக்கிறேன். மூன்று கட்டங்கள் வெறுமையாக இருந்தன. பென்சில் கையில் இருக்க, ஆள் பார்க்காமல் இருக்க, மூன்றையும் ஒரு நொடியில் நிரப்பியிருக்கலாம். நிரப்பவில்லை. நான்காவது கட்டத்தில் மட்டும் அன்றைய தேதியைப் போட்டு 'அ. அரியமுத்து' என்று கையெழுத்திட்டிருந்தார். வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் பார்ப்பார் என்று தெரிந்தே.

என் வாழ்க்கையில் நான் பார்த்த பெரிய தைரியம் அந்த மூன்று வெற்றுக் கட்டங்கள்.

கிளம்பும்போது சிந்தாமணி சொல்லியிருக்கிறார்:

"நாய இங்க கட்டிப் போட்டுட்டு எறங்குங்க. பொழுது சாயறப்ப ஓடப் பக்கம் கரடி வரும். நான் ஆளு வந்தா குடுத்து வுடுறேன்."

"அது இல்லாம என்னால எறங்க முடியாதும்மா."

"அது இருந்தாத்தான் எறங்க முடியாது."

அவர் சிரித்தாராம். நாய் முன்னால் போனது. அவர் பின்னால் போனார்.

7

இனி நடந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. கதைக்காரன் இங்கே முடிவு சொல்ல வேண்டும். மூன்று முடிவுகள் வைத்திருக்கிறேன்.

முதல் முடிவு. ஓடைக்குப் பக்கத்தில் மேஸ்திரி மறுபடியும் பள்ளத்தில் இறங்கிக் குரைக்கிறது. குரைப்பு நிற்கிறது. ஓடி வரும் சத்தம். இந்தத் தடவை இரண்டு சத்தங்கள். — இதற்கு மேல் எழுதிய ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டேன். கொளஞ்சியம்மாள் படிக்கக்கூடாத பக்கம் அது.

இரண்டாவது முடிவு. அன்று சாயங்காலம் கொட்டிய மழையில் ஓடை புரண்டது. அது உண்மை, அடிவாரத்தில் எங்களுக்கே சத்தம் கேட்டது. நீச்சல் தெரியாத ஆள்.

மூன்றாவது முடிவுக்குத்தான் கொளஞ்சியம்மாள் அதிகம் பயப்படுகிறார் என்று நினைக்கிறேன். வெற்றுக் கட்டங்களை விட்டுவிட்டு வந்தவர், வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு, மலையின் மறுபக்கம் இறங்கி, துறையூர்ப் பக்கம் பஸ் ஏறிவிட்டார். எங்கேயோ வேறு பெயரில் இருக்கிறார். கொளஞ்சியம்மாள் இன்னும் பொட்டை அழிக்கவில்லை. அதை அவரிடம் கேட்கும் தைரியம் யாருக்கும் இல்லை.

கிடைத்தவை இவ்வளவுதான்: ஓடைக்கு மேலே ஒரு பாறையில், ஒழுங்காக மூடி வைத்த ஸ்லைடு பெட்டி. கொஞ்சம் தள்ளி ஒரு செருப்பு. பதினொரு நாள் தேடினார்கள்.

8

சனிக்கிழமை மத்தியானம் மேஸ்திரி வந்தது. வீட்டுக்குப் போகவில்லை. நேராக ஆய்வுக்கூடத்துக்கு வந்து என் மேசைக்கு அடியில் படுத்தது. உடம்பெல்லாம் முள். இடது காதுப் புண்ணிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

ஏன் அதைச் செய்தேன் என்று கேட்காதீர்கள். ஒரு ஸ்லைடை எடுத்து அந்தக் காதில் ஒற்றினேன். சாயம் ஏற்றினேன். நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை பார்த்த அதே உருவங்கள். மலேரியாக் கிருமியைப் போல வளையமாக, ஆனால் சிலது ஜோடி ஜோடியாக, பேரிக்காய் வடிவில். நாய்களுக்கு உண்ணியால் வரும் ஒரு நோயின் கிருமி அது. மனிதருக்கு வருவதல்ல.

மூன்றாவது சுற்றில் அவருக்கு விரல் வலித்திருக்க வேண்டும். பக்கத்தில் படுத்திருந்த நாயின் காதிலோ தயாராக ரத்தம். 'சிந்தாமணி, வீடு 9.'

அந்த ஸ்லைடைக் கழுவி வைத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

9

இப்போது இரண்டாம் பகுதியில் விட்ட வாக்கியம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் சிவப்பு மையை எடுத்தபோது என் மனதில் சந்தேகம் இருந்தது. வளையம் சரியில்லை, ஜோடிகள் சரியில்லை. இன்னொருவரிடம் காட்டியிருக்க வேண்டும். திரும்ப ரத்தம் கேட்டிருக்க வேண்டும். நான் செய்யவில்லை, ஏனென்றால் அரியமுத்து மலைக்குப் போவதில்லை என்று எனக்கு முன்பே தெரியும். அவரைப் பார்த்தாலே எரிச்சலாக இருந்தது. பயந்தாங்கொள்ளி ஒரு தடவையாவது ஏறட்டும் என்றுதான் எழுதினேன். அவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் இருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பாறையில் கிடைத்த பெட்டியில் ஒரே ஒரு ஸ்லைடு இருந்தது. அவருடைய கையெழுத்தில் 'சிந்தாமணி, வீடு 9.' இது உண்மையிலேயே சிந்தாமணியின் ரத்தம். இன்ஸ்பெக்டர் அதை என்னிடம் கொடுத்தார். சாயம் ஏற்றினேன், மிச்சச் சாயத்தை அலசினேன், காயவைத்தேன். பார்க்கவில்லை. 'கெட்டுப்போனது' என்று எழுதிவிட்டு மூன்றாவது இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். சிந்தாமணி பிழைத்துக்கொண்டார். "மாத்திர குடுத்தாரு, வுட்டுப்போச்சு" என்றார். மலேரியா இல்லாத சாதாரணக் காய்ச்சல் தானாகவும் விடும்.

அதில் கிருமி இருந்தால், அவர் ஓர் உயிரைக் காப்பாற்றப் போனவர். இல்லாவிட்டால், ஒரு நாயின் காதுக்காகப் போனவர். இரண்டிலும் அனுப்பியது நான்தான். முதலாவது என்றால் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வரும். இரண்டாவதாக இருந்துவிடுமோ என்றே எட்டு வருஷமாகப் பார்க்கப் பயந்தேன்.

முடிவை வாசகரிடம் விட்டுவிடுகிறேன் என்று எழுதுவது இப்படிப்பட்ட கதைகளில் சுலபமான தப்பித்தல். எனக்கு அது சுலபமாக இல்லை. என் வாசகர் ஒருவர்தான், அவர் தினமும் இந்த மேசைக்கு அடியில் பெருக்குகிறவர்.

கொளஞ்சியம்மா, வேலை இல்லாத நேரத்தில் நுண்ணோக்கியில் எட்டிப் பார்ப்பீர்களே. "கல்லு வச்ச மோதரமாட்டம் இருக்கு சார்" என்று முதல்முதலாக மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தபோது எவ்வளவு சிரித்தீர்கள். அந்த மோதிரம்தான். இருக்கிறதா இல்லையா என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

ஸ்லைடை இழுப்பறையிலிருந்து எடுத்து நுண்ணோக்கியில் வைத்துவிட்டேன். மேலே ஒரு சொட்டு எண்ணெய் விட்டிருக்கிறேன். அடியில் இருக்கும் கண்ணாடியைக் கிழக்கு ஜன்னல் பக்கம் திருப்பியிருக்கிறேன். ஏழரை மணிக்கு வெளிச்சம் சரியாக விழும். இந்தக் காகிதங்கள் பக்கத்தில் இருக்கும். முதலில் படித்துவிட்டுப் பாருங்கள். அல்லது பார்த்துவிட்டுப் படியுங்கள்.

நான் எட்டு மணி பஸ்ஸில் வருவேன். கதவு உள்பக்கம் தாழ்போட்டிருந்தால் தட்ட மாட்டேன். வேப்பமரத்தடியில் நிற்பேன்.